‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’

2025 செப்டம்பரில் அமெரிக்க முற்போக்காளர்கள் எல்லோரும் ஒரே குரலில் கூப்பாடு போட்டார்கள்: கருத்துச் சுதந்திரம் செத்துப்போச்சு. செத்ததற்குச் சாட்சியாக அவர்கள் காட்டியது ஏபிசி தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் கேலியும் கிண்டலுமாகப் பேசும் ஜிம்மி கிம்மலை. வலதுசாரி இளைஞர் தலைவர் சார்லி கிர்க் அந்த மாதம் 10ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சாவை வைத்து டிரம்ப் ஆட்கள் அரசியல் லாபம் பார்க்கிறார்கள் என்கிற மாதிரி கிம்மல் பேசினார். எஃப்.சி.சி. என்கிற மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார் ஒரு நேர்காணலில் மிரட்டல் விட்டார். சுமுகமா முடிச்சுக்கறீங்களா, இல்ல எங்க வழியில முடிக்கட்டுமா என்கிற தோரணை. அன்றைக்கே நிகழ்ச்சி நின்றது. ஊர் திரண்டு கத்தியது. டிஸ்னி கம்பெனிக்குக் கட்டும் சந்தாவை ஜனங்கள் ரத்து செய்தார்கள். ஆறாவது நாள் கிம்மல் திரும்பி வந்துவிட்டார்.

நல்லது. வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதிகாரத்தைக் கிண்டல் பண்ணுகிற எவன் வாயை அடைத்தாலும் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் இன்னொன்று நடந்தது. பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. அந்தப் பணத்தை நம்பி ஓடியவற்றில் செவ்விந்தியப் பழங்குடி மக்களின் ஒதுக்கிடங்களில் இயங்கும் வானொலிகளும் உண்டு. தங்கள் மொழியில் சாவுச் செய்தி சொல்லவும், பனிப்புயல் வருதுன்னு எச்சரிக்கவும், ஊர்க்கூட்டம் எப்பன்னு அறிவிக்கவும் அந்த மக்களுக்கு இருந்தது அதுதான். அதற்கு எழுந்த சத்தம் கிம்மலுக்கு எழுந்த சத்தத்தில் எத்தனை பங்கு? நட்சத்திரத்தின் வாயை மூடினால் சுதந்திரம் சாகிறது. பழங்குடியின் வாயை மூடினால் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வெட்டு. அவ்வளவுதான்.

இந்தக் கோணலைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அமெரிக்க ஊடகங்கள் முதலாளிகளின் ஊதுகுழல் என்று நாமும் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது சரிதான். ஆனால் அந்த ஊதுகுழலைப் பிடுங்குவதற்கு அங்கேயே ஒடுக்கப்பட்டவர்கள் ஒரு சண்டை போட்டார்கள், ஜெயித்தும் காட்டினார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

பத்திரிகை நடத்துவது என்றால் நமக்குப் புரியும். கறுப்பின மக்கள் 1827லேயே நியூயார்க்கில் ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ தொடங்கிவிட்டார்கள். 1892இல் மெம்ஃபிஸ் நகரில் மளிகைக்கடை வைத்து முன்னுக்கு வந்த மூன்று கறுப்பர்களை வெள்ளைக் கும்பல் கொன்றபோது, ஐடா பி. வெல்ஸ் தன் பத்திரிகையில் எழுதினார். கும்பல் அச்சகத்தை நொறுக்கியது. அவர் வடக்கே போய் இன்னும் உரக்க எழுதினார். வெள்ளைப் பத்திரிகைகளே வெளியிட்ட கொலைச் செய்திகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் வாக்குமூலத்தாலேயே அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். 1905இல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையை ரயிலில் வேலை பார்த்த கறுப்புத் தொழிலாளிகள் தென் மாநிலங்களுக்குக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1966இல் ஓக்லாந்தில் தோன்றிய கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். அந்த இயக்கத்தின் துப்பாக்கியும் கறுப்புத் தொப்பியும் நமக்குத் தெரியும், ஏன்னா வெள்ளை ஊடகம் காட்டியது அதைத்தான். 1967 ஏப்ரலில் அவர்கள் ஆரம்பித்த பத்திரிகையின் முதல் இதழ், போலீஸ் சுட்டுக் கொன்ற ஒரு கறுப்பு இளைஞனுக்கு நியாயம் கேட்டு வந்தது. பிறகு அது வாரம் ஒரு லட்சம் பிரதிக்கு மேல் போனது. அதை எவன் காட்டினான்?

ஆனால் பத்திரிகை வேறு, அலைவரிசை வேறு. காகிதமும் மையும் இருந்தால் நாமே அடித்துக்கொள்ளலாம். அலைவரிசையை அப்படி உண்டாக்க முடியாது. அது இருப்பதே கொஞ்சம். ஊர்ப் பொது ஏரியை மீன் குத்தகைக்கு விடுவது போல அரசு அதைக் குத்தகைக்கு விடுகிறது. 1927ஆம் ஆண்டுச் சட்டமும் 1934ஆம் ஆண்டுச் சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டன. அலைவரிசை யாருக்கும் சொந்தமில்லை, பொதுநலனுக்காக நடத்துகிறவனுக்கு இத்தனை வருஷத்துக்கு உரிமம், அது முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். குத்தகை ஏலத்தன்றைக்கு யாரை உள்ளே விடுவான், யாரைத் தெருமுனையிலேயே நிறுத்துவான் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சன். அங்கே டபிள்யூஎல்பிடி என்று ஒரு தொலைக்காட்சி நிலையம். ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொந்தம். நாடு முழுவதும் போகும் என்பிசி நிகழ்ச்சிகளை அந்த வட்டாரத்துக்கு எடுத்து ஒளிபரப்புவது அதுதான். அதன் ஒளிபரப்பு எட்டும் பகுதியில் கிட்டத்தட்ட 45 விழுக்காடு கறுப்பின மக்கள். 1955இல், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை வாங்கித் தந்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் என்பிசியில் பேசிக்கொண்டிருக்கிறார். ஜாக்சனில் திடீரென்று படம் போய்விட்டது. திரையில் ஒரு அட்டை: மன்னிக்கவும், கேபிள் கோளாறு. கோளாறும் இல்லை மண்ணும் இல்லை. நிலைய மேலாளர் பிறகு வெள்ளை வெறியர்களின் கூட்டத்தில், நான்தான் நிறுத்தினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நிற ஒதுக்கலைக் காப்பாற்றுவதற்கென்றே தோன்றிய ‘வெள்ளைக் குடிமக்கள் கழகம்’ தன் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது அதே நிலையத்தில். 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பு மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேரப் போனபோது, எதிர்த்து நிற்கச் சொல்லி அது தலையங்கமே வாசித்தது. இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரனைச் சொல்லும்போது ‘திரு’, ‘திருமதி’ போடுவார்கள். கறுப்பு மனிதர் எவ்வளவு பெரியவரானாலும் மொட்டைப் பெயர்தான். இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு இது எங்கே வலிக்கும் என்று தெரியும்.

1963 மே 20ஆம் தேதி, நகர மேயருக்குப் பதில் சொல்ல மெட்கர் எவர்ஸ் அந்தத் திரையில் தோன்றினார். அவர் மிசிசிப்பியில் கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் களச் செயலாளர். சமநேரம் கேட்டுப் போராடி வாங்கிய சில நிமிடங்கள். ஜூன் 12ஆம் தேதி தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நிமிடங்களுக்கு அவர் கொடுத்த விலை அது என்று நான் எழுதினால் மிகையாகச் சொல்வதாகத் தோன்றலாம். அதற்கு முன்பும் அவரைக் கொல்லப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அவர் முகம் ஊர் முழுவதற்கும் தெரிந்தது அன்றைக்குத்தான்.

1964 மார்ச்சில் நடந்ததுதான் நமக்குப் பாடம். எவரெட் பார்க்கர் என்ற வெள்ளைப் பாதிரியார், ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் தகவல் பிரிவை நடத்தியவர். அவர் ஜாக்சனில் உள்ளூர் ஆட்கள் சிலரைச் சேர்த்தார். ரகசியமாகத்தான், வெளியே தெரிந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஒரு வாரம், காலையிலிருந்து ராத்திரி நிலையம் மூடுகிற வரை, திரையில் வந்த ஒவ்வொன்றையும் பார்த்துப் பதிவு செய்தார்கள். கறுப்பு முகம் எத்தனை தடவை வந்தது? எதுக்காக வந்தது? என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? கோஷம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏரன் ஹென்றி, ராபர்ட் எல். டி. ஸ்மித் என்ற மிசிசிப்பியின் இரண்டு கறுப்புத் தலைவர்களும் திருச்சபையும் சேர்ந்து ஆணையத்தில் மனுப் போட்டார்கள். இந்த நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்காதே.

ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? நீங்கள் யார் கேட்பதற்கு? அதுவரை இருந்த விதிப்படி, ஒரு நிலையத்தின் உரிமத்தை எதிர்த்து வழக்காட இரண்டு பேருக்குத்தான் தகுதி. ஒன்று, அந்த நிலையத்தால் வியாபாரம் கெடுகிற போட்டிக் கம்பெனி. இன்னொன்று, அதன் அலையால் தன் அலை குழம்புகிற இன்னொரு நிலையம். பார்க்கிற சனம் இந்தக் கணக்கிலேயே இல்லை. முதலாளிக்கு முதலாளிதான் சம்பந்தி. கண்டித்துவிட்டு, ஒரு வருஷத்துக்கு உரிமத்தை நீட்டித்துக் கொடுத்தார்கள்.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1966இல் தீர்ப்பு: பார்வையாளர்களுக்கும் வழக்காடும் தகுதி உண்டு. எழுதிய நீதிபதி வாரன் பர்கர் ஒன்றும் முற்போக்காளர் இல்லை, பழமைவாதி. விசாரணை நடத்தச் சொன்னதும் ஆணையம் நடத்தியது, மனுதாரர்களையே குற்றவாளி மாதிரி நடத்தி. 1968இல் மறுபடியும் அந்த நிலையத்துக்கே முழு மூன்று வருஷ உரிமம். மறுபடி வழக்கு. 1969 ஜூனில் பர்கர் உரிமத்தையே ரத்து செய்தார். அதே மாதம் நாட்டின் தலைமை நீதிபதியாகவும் ஆனார். 1971இல் ஒரு இடைக்கால அமைப்பு நிலையத்தை ஏற்று நடத்தியது. 1972இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பர் அதன் பொது மேலாளரானார். பெரிய வலையமைப்போடு இணைந்த ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு அமெரிக்காவில் கறுப்பர் ஒருவர் பொது மேலாளர் ஆனது அதுவே முதல் முறை. மெட்கர் எவர்ஸுக்கு நிமிடக் கணக்கில் நேரம் அளந்த அதே கட்டடம்.

இது ஒரு ஊர்ச் சமாச்சாரமாக நிற்கவில்லை. டெக்ஸார்கானாவில் கறுப்பின மக்கள் 1969இல் ஒரு நிலையத்தோடு ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்களை வேலைக்கு எடு, எங்கள் செய்தியைச் சொல், நாங்கள் மனுவை வாபஸ் வாங்குகிறோம். எழுபதுகள் முழுக்க கறுப்பர்கள், மெக்சிக வம்சாவளியினர், பெண்கள் அமைப்புகள் என்று ஊருக்கு ஊர் உரிம எதிர்ப்பு மனுக்கள். நிலைய முதலாளிகள் முதன்முறையாகப் பார்வையாளனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். அன்பினால் இல்லை, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற புதுப்பிப்புக்குப் பயந்து.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. திறந்த கதவு வழியாக எவனும் வருவான். வாட்டர்கேட் ஊழலை வாஷிங்டன் போஸ்ட் தோண்டிக்கொண்டிருந்த நேரம், 1973 தொடக்கத்தில், அந்தக் கம்பெனி ஃபுளோரிடாவில் வைத்திருந்த இரண்டு தொலைக்காட்சி நிலையங்களின் உரிமத்தை எதிர்த்து மனுக்கள் வந்தன. போட்டவர்களில் நிக்சனின் கூட்டாளிகள் இருந்தார்கள். ஏழை கண்டுபிடித்த ஆயுதத்தை அரண்மனை எடுத்துக்கொண்டது. இதைக் காட்டித்தான் தாராளவாதிகள் பலர், பாத்தீங்களா, அரசாங்கத்துக்கு ஊடகத்தில் எந்த அதிகாரமும் இருக்கக் கூடாது, சந்தையிடம் விட்டுவிடுங்கள் என்றார்கள். இன்றைக்குக் கார் மிரட்டும்போதும் அதே பேச்சு.

விட்டார்களே, என்ன ஆச்சு? 1949இலிருந்து ‘நியாய விதி’ என்று ஒன்று இருந்தது. சர்ச்சைக்குரிய பொது விஷயத்தைப் பேசினால் எதிர்த்தரப்பையும் பேச விடு என்பது அதன் சாரம். ஜாக்சன் மக்களின் மனுவுக்கு முதுகெலும்பே அதுதான். அதை நிரந்தரச் சட்டமாக்க நாடாளுமன்றம் 1987இல் மசோதா நிறைவேற்றியது. ரீகன் தன் மறுப்பதிகாரத்தால் கொன்றார். இரண்டு மாதத்தில் ஆணையம் விதியையே தூக்கி எறிந்தது. அடுத்த வருஷமே ரஷ் லிம்பா என்பவரின் வலதுசாரி வசைமாரி நாடு தழுவிய வானொலியில் ஆரம்பம். 1996இல் வந்தது தொலைத்தொடர்புச் சட்டம். கையெழுத்துப் போட்டது குடியரசுக் கட்சிக்காரர் இல்லை, முற்போக்காளர்கள் ஓட்டுப் போட்ட கிளிண்டன். ஒரு கம்பெனி நாடு முழுவதும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றிருந்த வரம்பு போனது. கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனி சில வருஷங்களில் ஏறத்தாழ 1200 நிலையங்களை விழுங்கியது. அந்தச் சட்டத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு வரி உண்டு. உரிமக் காலம் 8 வருஷம், புதுப்பிப்பு கிட்டத்தட்ட தானாகவே நடக்கும். கதவைச் சாத்தவில்லை. எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

விளைவு 2003இல் தெரிந்தது. ஈராக் போருக்கு எதிராகப் பிப்ரவரி 15ஆம் தேதி உலகம் முழுக்க லட்சோபலட்சம் பேர் தெருவில் நின்றார்கள். பத்து நாள் கழித்து எம்எஸ்என்பிசி, போரை எதிர்ப்பவர்களுக்கு இடம் கொடுத்த ஃபில் டோனஹியூவின் நிகழ்ச்சியை நிறுத்தியது. அந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுதான். பிறகு கசிந்த உள்சுற்று அறிக்கை, போர்க்காலத்தில் இவர் நமக்குச் சங்கடமான முகம் என்ற பொருளில் பேசியது. சேனலின் உரிமையாளர்களில் ஒருவர் போர்விமான எஞ்சின் செய்யும் ஜெனரல் எலெக்ட்ரிக். ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருப்பதாக முதல் பக்கத்தில் அடித்துவிட்ட நியூயார்க் டைம்ஸ், 2004 மே மாதம், எங்கள் சில செய்திகள் போதிய கடுமையோடு சரிபார்க்கப்படவில்லை என்று ஒரு குறிப்புப் போட்டது. அதற்குள் பாக்தாத் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சோம்ஸ்கியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஹெர்மனும் அவரும் 1988இல் எழுதிய நூலைத் தொட்டுப் பேசாத ஊடகக் கருத்தரங்கு நம்மிடம் உண்டா? நானும் அதில் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் அதை மட்டும் படித்தவன் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். எல்லாமே முதலாளியின் வடிகட்டி வழியாகத்தான் வருது, என்ன செய்ய? ஜாக்சனில் ராத்திரி கண் விழித்துக் கணக்கெழுதியவர்களுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் குத்தகை முடிகிற தேதியைப் பார்த்தார்கள்.

2025க்கு வருவோம். கார் மிரட்டினார் என்பது சரி. ஆனால் விசாரணை எங்கே? மனு எங்கே? சாட்சி, பதிவு, மேல்முறையீடு? ஒன்றுமில்லை. வாய்வார்த்தை போதுமாக இருந்தது. ஏன் போதும்? கிம்மலை எடுக்க மாட்டோம் என்று முந்திக்கொண்டு அறிவித்த நெக்ஸ்டார் கம்பெனி, டெக்னா என்ற இன்னொரு நிலையக் கூட்டத்தை 620 கோடி டாலருக்கு வாங்க அதே ஆணையத்தின் அனுமதிக்குக் காத்திருந்தது. அதற்கு முன் ஜூலையில் பாரமவுண்ட் கம்பெனி, கமலா ஹாரிஸ் பேட்டியை வெட்டி ஒட்டியதாக டிரம்ப் போட்ட வழக்கில் 1.6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த மாதமே ஸ்கைடான்ஸோடு அது இணைய ஆணையம் பச்சைக்கொடி காட்டியது. ஏபிசி 2024 டிசம்பரிலேயே இன்னொரு வழக்கில் 1.5 கோடி கட்டிவிட்டது. ஆயிரம் பேர் கையில் ஆயிரம் நிலையம் இருந்தால் மிரட்டுகிறவன் ஆயிரம் வாசல் ஏற வேண்டும். நாலு பேர் கையில் இருந்தால் நாலு போன் போதும். தணிக்கையை இவ்வளவு மலிவாக்கியது கார் இல்லை. 1996ஆம் வருஷத்துச் சட்டம்.

அதனால்தான் ஆணையத்தின் பல்லைப் பிடுங்குங்கள் என்று இப்போது கேட்கிற முற்போக்காளர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பல்லைப் பிடுங்கினால் மிச்சமிருப்பது கம்பெனி மட்டும்தான். அந்த அறையில் அரசும் முதலாளியும் இருக்கிறார்கள், ஜாக்சன் மக்கள் போராடிப் போட்ட மூன்றாவது நாற்காலி காலி. அதில் உட்கார யாரும் போவதில்லை என்பதுதான் என் குறை. சந்தா ரத்து செய்வது நுகர்வோன் செய்கிற வேலை. பணம் கட்டினவன்தான் ரத்து செய்ய முடியும்.

நாற்காலி தேடிப் போகாமல் தாங்களே கம்பம் நட்டவர்களும் உண்டு. ஃபுளோரிடாவில் இம்மொகாலி என்ற ஊர். தக்காளி பறிக்கிற கூலித் தொழிலாளிகள், மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைட்டியிலிருந்து வந்தவர்கள். 2000இல் ஆணையம் சிறுதிறன் வானொலிகளுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. நிலைய முதலாளிகள் அதைக் குறுக்கப் பார்த்தார்கள். மிஞ்சியதில் ஒன்றை இவர்கள் வாங்கினார்கள். 2003இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த வானொலித் தோழர்களோடு சேர்ந்து நிலையத்தைத் தாங்களே கட்டினார்கள். பெயர் ‘ரேடியோ கான்சியென்சியா’. சில மைல்தான் எட்டும். எட்ட வேண்டிய கூலிக்காரர் குடியிருப்பு அந்தச் சில மைலுக்குள்தான் இருக்கிறது. ஸ்பானிஷிலும் ஹைட்டிய மொழியிலும் மாயன் மொழிகளிலும் பேசினார்கள். டாகோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கச் சொல்லி இவர்கள் நடத்திய போராட்டம் 2005இல் ஜெயித்தது. பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதல் கூலி. எந்தப் பெரிய சேனலின் மனசாட்சியும் உருகி வந்ததில்லை அது.

டபிள்யூஎல்பிடி இன்றும் ஜாக்சனில் ஓடுகிறது. பல கை மாறி இப்போது அட்லாண்டாவில் தலைமையகம் வைத்திருக்கும் கிரே என்ற பெரிய கம்பெனியிடம் இருக்கிறது. மிசிசிப்பி தொலைக்காட்சி நிலையங்களின் உரிமம் சட்டப்படி அடுத்துப் புதுப்பிக்கப்பட வேண்டியது 2029இல். பார்க்கிறவர்கள் எதிர்த்து மனுப் போடுவதற்கு 1966இல் கிடைத்த உரிமை இன்னமும் ரத்தாகவில்லை. அதற்கு இப்போதிருந்தே கணக்கெழுத உட்கார வேண்டும்.